காலேஜ் பாஸ்கட்பால் டீம் ஒண்ணு உருவாக எத்தன வருசம் ஆகும்? அமெரிக்க கோச் மார்க் ஃப்யூ வழி நம்ம ஊருக்கு ஒத்துவருமா?

பாளை_சிமெண்ட்கோர்ட்:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல ஃபிசிக்கல் டைரக்டரா சேந்து இது ரெண்டாவது வருசம், காலேஜ் பேர் வேண்டாம். நான் வரும்போது பாஸ்கட்பால் டீம்னு ஒண்ணு பேருக்குத்தான் இருந்துச்சு, இன்டர்-காலேஜ் வந்தா ஜெர்சி குடுத்து பத்து பேர வேன்ல ஏத்தி அனுப்புவாவ, முதல் ரவுண்டுல தோத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிருவானுவ. போன வருசம் நானும் கூட்டிட்டுப் போய் 31 பாயின்ட்ல தோத்துட்டு வந்தேன், இந்த வருசம் 12ல தோத்தோம். எனக்கு அது சந்தோசம்தான். ஆனா மேனேஜ்மென்ட்ல “ரெண்டு வருசம் ஆச்சே சார், ஒரு கப்பு கூட வரலையே”ன்னு கேக்காவ, அவுகளயும் குத்தம் சொல்ல முடியாது, பந்து வாங்க, ரிங் மாத்த காசு குடுத்தது அவுகதான்.

ராத்திரி வீட்டுக்குப் போய் அமெரிக்க காலேஜ் மேட்சாப் பாத்துட்டு இருக்கேன். அதுல கொன்சாகா கோச் மார்க் ஃப்யூவ ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஸ்போக்கேன்னு ஒரு ஓரத்து ஊரு, சின்ன காலேஜ், ஆனா 1999ல அவரு ஹெட் கோச் ஆனதுல இருந்து என்.சி.ஏ.ஏ. டோர்னமென்ட், அதாவது அங்க காலேஜ் டீமுவளுக்கு நடக்கிற தேசியப் போட்டி, அதுக்குத் தகுதி இல்லாம ஒரு வருசம் கூட போகல (2020ல கொரோனாவால போட்டியே நடக்கல, அது வேற). பெரிய பெரிய யுனிவர்சிட்டியே ரெண்டு வருசம் மேல போனா மூணு வருசம் கீழ கிடக்கு, இவரால மட்டும் எப்படி முடியுது?

இன்னொன்னும் கேக்கணும். உவரில இருந்து ஒரு பையன் ஃபர்ஸ்ட் இயர் வந்துருக்கான், 6 அடி 3 அங்குலம், வாலிபால் ஆடுனவன், பாஸ்கட்பால கையில தொட்டது இங்க வந்துதான். குதிச்சா ரிங்கு கிட்ட கை போகுது. ஆனா பந்தத் தட்டிட்டே ஓடச் சொன்னா பந்த அடிச்சு நொறுக்குதான், மேட்ச்ல இறக்குனா பத்து நிமிசத்துல அஞ்சு ஃபவுல் ஆகி வெளிய வந்துட்டு துண்ட தலைல போட்டு உக்காந்துருதான். “அந்த நெட்டப் பையன இறக்குங்க சார்”னு எல்லாரும் சொல்லுதாவ. இவன இப்பமே ஆட வைக்கணுமா, ஒரு வருசம் நிறுத்தி வச்சு சொல்லிக் குடுக்கணுமா? இதுதான் மண்டையக் குடையுது.

தென்காசிரோடு_அண்ணாச்சி:

தம்பி, 31ல இருந்து 12க்கு வந்துருக்கியள்லா, அத முதல்ல ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வையும். நான் 90கள்ல பாளையில காலேஜ் டீம்ல ஆடுனவன், இப்போ ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரு. கொன்சாகாவ ரொம்ப நாளா பின்தொடருதேன், அதுக்கு ஒரு காரணம் நம்ம ஊருதான். அது ஏசு சபை சாமிமாரு 1887ல ஆரம்பிச்ச காலேஜ், நம்ம சவேரியார் காலேஜ் மாதிரியே. கொன்சாகாங்கிறது வேற யாரும் இல்ல, நம்ம கோயில்ல ஞானப்பிரகாசியார்னு கும்பிடுதோமே அந்தப் புனிதர் பேருதான். இது தெரிஞ்ச அன்னைல இருந்து அந்த டீம் தோத்தா எனக்குச் சோறு இறங்காது.

எல்லாரும் ஃப்யூ கதைய 1999ல இருந்துதான் பேசுதாவ, நீரும் அப்படித்தான் பேசுதீரு. அவரு அங்க வந்தது 1989ல, கிராஜுவேட் அசிஸ்டன்ட்டா, அதாவது எடுபிடி வேலைல இருந்து. பத்து வருசம் அடுத்தவருக்குக் கீழ இருந்தாரு. 1999ல டான் மான்சன் ஹெட் கோச்சா இருந்தப்போ டீம் கடைசி எட்டு வரைக்கும் போச்சு, அந்த வருசம் சாம்பியன் ஆன கனெக்டிகட் கிட்ட 67-62னுதான் தோத்தாவ, அது முடிஞ்ச கையோட மான்சன மின்னசோட்டா யுனிவர்சிட்டி கூப்பிட்டுட்டு. இங்கன காலேஜ் நிர்வாகம் என்ன செஞ்சுச்சுன்னா வெளிய இருந்து பெரிய பேரு யாரையும் தேடல, பக்கத்து சேர்ல இருந்த ஃப்யூ கையில குடுத்தாவ. அடுத்த ரெண்டு வருசமும் கடைசி பதினாறு வரைக்கும் போனாரு. பயலுவளுக்கு கோச் மாறுனதே தெரியல, ஏன்னா காலைல பிராக்டிஸ்ல கத்துத குரல் பழைய குரல்தான். அதனால நீர் இப்பமே ஒரு அசிஸ்டன்ட்ட கூட வச்சுக்கிடும், பழைய மாணவன் எவனாவது சாயங்காலம் சும்மா இருப்பான், விசில் ஒண்ணு வாங்கி அவன் கழுத்துல போடும்.

ஆளு பிடிக்கிற விசயம். அமெரிக்காவுல நல்ல பயலுவள பெரிய காலேஜ்காரன் பத்தாவது படிக்கும்போதே குறிச்சு வச்சுருவான், கொன்சாகாவுக்கு மிச்சம்தான் கிடைக்கும். ஃப்யூகிட்ட அசிஸ்டன்ட்டா இருந்த டாமி லாய்ட் (இப்போ அரிசோனா ஹெட் கோச்) என்ன பண்ணுனாருன்னா யாரும் போகாத நாட்டுக்கெல்லாம் போனாரு. பிரான்ஸ்ல இருந்து ரோனி டூரியாஃப், போலந்துல இருந்து கர்னோவ்ஸ்கி, லிதுவேனியால இருந்து சபோனிஸ், ஜப்பான்ல இருந்து ருய் ஹசிமுரா. ஹசிமுரா 2016ல வரும்போது இங்கிலீஷ் சரியா வராது, முதல் வருசம் பெஞ்சுலதான் முக்காவாசி நேரம், கோச் சொல்லுதது புரியணுமே. மூணாவது வருசம் நாட்டுலயே சிறந்த அஞ்சு பேருல ஒருத்தன், 2019 என்.பி.ஏ. டிராஃப்ட்ல (அமெரிக்க புரொஃபஷனல் லீக் டீமுவ புது ஆளு எடுக்கிற இடம்) 9ஆவது ஆளா எடுத்தாவ. நம்மகிட்ட தமிழ் மீடியத்துல இருந்து வந்து “ஸ்க்ரீன்”, “ஹெல்ப்”னு கத்துனா முழிச்சு நிக்கிற பயலுவள நெனச்சுப் பாரும். டவுன் ஸ்கூல் ஸ்டார எவனும் உமக்குத் தர மாட்டான். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைன்னு போய் வாலிபால் கோர்ட் ஓரத்துல நில்லும்.

இப்போ உம்ம நெட்டப் பையன். கெல்லி ஒலினிக்னு ஒரு கனடாப் பையன், ஸ்கூல்ல கார்டா, அதாவது பந்தக் கொண்டு போற இடத்துல, ஆடுனவன் மளமளன்னு வளந்து 7 அடி ஆயிட்டான். கொன்சாகால முதல் ரெண்டு வருசம் அவன யாரும் கண்டுக்கிடல, ரெண்டாவது வருசம் மேட்சுக்கு 6 பாயின்ட் கூட இல்ல. காலேஜ விட்டுப் போகலாமான்னு யோசிச்சான். 2011-12 சீசன்ல அவன ரெட்ஷர்ட்னு நிறுத்தி வச்சாவ, அதாவது பிராக்டிஸ் உண்டு, மேட்ச் கிடையாது, அந்த வருசம் ஆட்டக் கணக்குல சேராது. ஒரு வருசம் முழுக்க வெயிட் ரூம், கால் அசைவு, பந்த வாங்கித் திரும்புதது, இதுதான் வேலை. திரும்பி வந்த 2012-13ல கிட்டத்தட்ட 18 பாயின்ட் சராசரி, கொன்சாகா சரித்திரத்துலயே முதல் தடவையா நாட்டுல நம்பர் 1னு வந்துச்சு, அவன் என்.பி.ஏ.க்குப் போய்ட்டான். அதனால நிறுத்தி வையும், பயப்படாதீரும்.

வள்ளியூர்_பாயின்ட்கார்ட்:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, ஒரு இடத்துல மட்டும் நான் ஒத்துக்கிட மாட்டேன். அங்க ரொம்ப வருசமா ஒரு டீமுக்கு 13 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் இருந்துச்சு, தங்க இடம், சாப்பாடு, டாக்டர் எல்லாம் உண்டு. அங்க ஒருத்தன ஒரு வருசம் உக்கார வச்சா அவன் வயிறு காயாது. உவரிப் பையன் வீட்டுல என்ன கேப்பாவ? “மேட்ச்சே ஆடலன்னா சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் அங்க என்னல பண்ணுத, லீவு நாள்ல வந்து வலைய இழு”ம்பாவ. போட்டி ஆடுன சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் நாளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்கு எழுதிப் போட முடியும், எங்க அண்ணன் அப்படித்தான் வேலைக்குப் போனான். முழுசா நிறுத்தாதீங்க சார். 12 பேரு லிஸ்ட்ல பேரு இருக்கட்டும், ஜெயிக்கிற மேட்ச்லயோ தோக்குறது முடிவான மேட்ச்லயோ கடைசி நாலு நிமிசம் இறக்குங்க, அந்த நாலு நிமிசத்துக்கு ஒரே வேலைதான் குடுங்க, ரிபவுண்ட எடு, அதாவது ரிங்குல பட்டுத் திரும்புற பந்தப் பிடி, கார்ட் கையில குடு, கீழ அடிக்காத.

வருசக் கணக்கு கேட்டீங்கள்லா, டியூக் யுனிவர்சிட்டில 2022 வரைக்கும் கோச்சா இருந்த மைக் ஷஷெஃப்ஸ்கிய பாருங்க. 1980ல வந்தாரு, முதல் மூணு வருசத்துல 38 ஜெயிப்பு, 47 தோல்வி. 1983ல வர்ஜீனியா கிட்ட 109-66னு தோத்தாவ, ஆள மாத்துன்னு ஒரே சத்தம். அன்னைக்கு ராத்திரி சாப்பிடப் போன இடத்துல கூட இருந்தவரு “இத மறந்துருவோம்”னு கிளாஸ தூக்குனப்போ “மறக்கவே கூடாது”ன்னு இவரு சொன்னாருன்னு சொல்லுவாவ, அடுத்த சீசன் முதல் பிராக்டிஸ்ல ஸ்கோர் போர்டுல அந்த 109-66தான் எரிஞ்சுச்சு. விளையாட்டுத் துறை பொறுப்புல இருந்த டாம் பட்டர்ஸ் அவர வெளிய அனுப்பாம அடுத்த சீசன்லயே கான்ட்ராக்ட நீட்டிச்சுக் குடுத்தாரு. அந்த 43 பாயின்ட்ல தோத்தப்போ ஃபர்ஸ்ட் இயர் பசங்க டாக்கின்ஸ், அலாரி, பிலாஸ், ஹெண்டர்சன், அதே பசங்க ஃபைனல் இயர்ல 1986ல 37 மேட்ச் ஜெயிச்சு ஃபைனல் வரைக்கும் போனாவ. ஃபைனல்ல லூயிவில் கிட்ட 72-69னு தோத்துட்டாவ, கப்பு 1991லதான் வந்துச்சு, பதினோராவது சீசன். அதுக்கப்புறம் அது அஞ்சு கப்பு ஆச்சு. மேனேஜ்மென்ட்ல கேட்டா இந்தக் கணக்க காட்டுங்க, உங்க ஃபர்ஸ்ட் இயர் பசங்க பேர எழுதிக் குடுத்து “இவனுவ மூணாவது வருசம் வரட்டும் சார்”னு சொல்லுங்க. பி.ஜி.யும் இங்கனயே சேந்தா அஞ்சு வருசம்.

ரிபவுண்ட்_அக்கா:

ஆம்பளைங்க டீமாவே பேசிட்டு இருக்கீங்க, பாட் சம்மிட்ட விட்டுட்டு இந்தப் பேச்சு எப்படி முடியும்? 1974ல டென்னசி பெண்கள் டீம எடுத்தப்போ அவங்களுக்கு 22 வயசு, மாசம் 250 டாலர் சம்பளம். யூனிஃபார்ம துவைச்சது அவங்க, வேன ஓட்டுனது அவங்க, அந்த யூனிஃபார்ம் வாங்குனதே டோனட் வித்த காசுல. முதல் மேட்ச் ஒரு பாயின்ட்ல தோல்வி. என்.சி.ஏ.ஏ. கப்பு வந்தது 1987ல. 38 வருசம் அங்கனயே இருந்து 8 கப்பு, 1,098 ஜெயிப்பு. எனக்கு அதவிட பெருசு, அவங்ககிட்ட முழுக் காலமும் ஆடி முடிச்ச பொண்ணுங்க ஒருத்தி பாக்கி இல்லாம டிகிரி வாங்கிட்டுத்தான் போனாங்க.

சார், உங்க பசங்க சாக்ஸ பாத்துருக்கீங்களா? நான் காலேஜ் ஆடும்போது மே மாசம் சிமெண்ட் கோர்ட்ல கேம்ப், ரெண்டாவது நாளே குதிகால்ல கொப்புளம், உடைஞ்சு தோல் உரிஞ்சு ஷூவுக்குள்ள ரத்தம். சொன்னா வெளிய நிப்பாட்டிருவாங்கன்னு சொல்லல. பத்து நாள் நொண்டிக்கிட்டே ஆடுனேன். பின்னால படிச்சேன், 10 கப்பு ஜெயிச்ச யு.சி.எல்.ஏ. கோச் ஜான் வுடன் புதுசா வந்த பசங்களுக்கு முதல் நாள் சொல்லிக் குடுத்ததே சாக்ஸும் ஷூவும் எப்படிப் போடணும்னுதானாம். விரல்ல இருந்து குதிகால் வரைக்கும் தடவித் தடவி சுருக்கம் எடுத்துட்டு, அப்புறம் ஷூ கயிற ஒவ்வொரு ஓட்டையா இழுத்துக் கட்டணும். அவருக்கும் பல வருசம் நல்ல கோர்ட்டு கிடையாது, பிராக்டிஸுக்கு முன்னால அவரே தரையக் கூட்டித் துடைச்சிருக்காரு. அங்க போய் 16ஆவது சீசன்லதான் முதல் கப்பு, 1964ல. நெட்டப் பையன் வாலிபால் ஷூவுலதான் ஆடுதானான்னு பாருங்க, சைஸ் சின்னதா இருந்தா அவனே சொல்ல மாட்டான்.

பாளை_சிமெண்ட்கோர்ட்:

அண்ணாச்சி, அக்கா, வள்ளியூர் தம்பி, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா பதில் போட முடியல, காரணம் அக்கா கேட்ட கேள்விதான். அடுத்த நாள் காலைல பிராக்டிஸுக்கு வந்த எல்லாரையும் ஷூவக் கழட்டுங்கலன்னு சொன்னேன். உவரிப் பையன் கழட்ட மாட்டேன்னு தலையக் குனிஞ்சு நின்னான். கழட்டுனா பெருவிரல் நகம் ரெண்டும் கறுத்துக் கிடக்கு. அவன் போட்டுருந்தது அவன் அண்ணனோட ஷூ, 9 நம்பர், இவன் காலுக்கு 11 வேணும். இத்தன நாளா பந்து வரும்போது பின்னாலயே சாஞ்சு நிக்கானே, முன்னங்கால்ல ஊண மாட்டேங்கானேன்னு நான் திட்டிட்டே இருந்துருக்கேன். ராத்திரி தூக்கம் வரல அக்கா.

ஜங்சன்ல நாலு கடை ஏறி 11 நம்பர் கிடைச்சுச்சு. அவன் வீட்டுக்குப் போன் போட்டு அவங்க அப்பாட்ட பேசுனேன், பரீட்சைக்குப் படிக்கிற நேரம் குறையாது, லீவுக்கு ஊருக்கு அனுப்பிருவேன்னு சொல்லிருக்கேன், “ஒங்கள நம்பித்தான் சார் விட்டுருக்கோம்”னாவ. இந்த வருசம் லிஸ்ட்ல பேரு இருக்கும், கடைசி நாலு நிமிசம் மட்டும், வள்ளியூர் தம்பி சொன்ன மாதிரி ரிபவுண்ட் ஒண்ணுதான் வேலை. மத்தபடி தெனமும் போர்டுக்குக் கீழ நின்னு ரெண்டு கையாலயும் 100 லே-அப் (ரிங்கு பக்கத்துல இருந்து பந்தப் போடுதது).

ஃபர்ஸ்ட் இயர் பசங்க ஏழு பேரு பேர பேப்பர்ல எழுதி பிரின்சிபால்ட்ட குடுத்துட்டேன், மேல தேதி போட்டு 31, 12ன்னு ரெண்டு நம்பரும் எழுதிருக்கேன். வாங்கிப் படிச்சுட்டு மேஜைக் கண்ணாடிக்குக் கீழ வச்சுக்கிட்டாவ, ஒண்ணும் சொல்லல. பழைய பையன் ஒருத்தன் டவுன்ல மொபைல் கடைல இருக்கான், திங்கள்ல இருந்து சாயங்காலம் அசிஸ்டன்ட்டா வாரேன்னுருக்கான். அண்ணாச்சி, நீங்க ஒரு நாள் நம்ம கோர்ட்டுக்கு வாங்களேன், பசங்களுக்கு நெட்ட ஆளு எப்படி காலத் திருப்பணும்னு உங்கள வச்சுத்தான் காட்டணும்.

தென்காசிரோடு_அண்ணாச்சி:

சனிக்கிழம காலைல முதல் பஸ்ஸப் பிடிச்சு வாரேன். அந்தப் பையன்ட்ட நகத்த வெட்டிட்டு வரச் சொல்லும், புது ஷூவ ரெண்டு நாள் நடந்து பழக்கிட்டு அப்புறம் குதிக்கட்டும்.