மில்டன் கீன்ஸ் அணியின் பெயரைக்கூடச் சொல்ல மறுக்கிறார்களே, ஏன்?

வைகைக்கரை:
வணக்கம். போன வருஷம் மதுரையிலிருந்து வேலை மாற்றலாகி இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸுக்கு வந்தோம். பையனுக்கு ஒன்பது வயது, கால்பந்து என்றால் உயிர். இந்த ஊர் மைதானமான ஸ்டேடியம் எம்.கே.வுக்கு இரண்டு தடவை கூட்டிப்போனேன். ஆசைப்பட்டான் என்று ஊர் அணியான எம்.கே. டான்ஸின் வெள்ளை ஜெர்சியும் வாங்கிக் கொடுத்தேன்.

போன ஞாயிறு லண்டன் டூட்டிங்கில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தான். அங்கே ஒரு பெரியவர், இலங்கைத் தமிழர், அவனிடம் அரை மணி நேரம் அன்பாகப் பந்து பேசினார். ஆனால் அணியின் பெயர் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. "அந்த ஃப்ரான்சைஸ்" என்றுதான் சொன்னார், ஏதோ வியாபாரக் கிளையைச் சொல்வது மாதிரி. விம்பிள்டனிலிருந்து அணி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். கம்பெனி ஊர் மாறுவது மாதிரிதானே இதுவும்? இவ்வளவு காலம் மனதில் வைத்திருக்க என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாண்டில் ஆற்றங்கரை:
தம்பி, அந்தப் பெரியவர் நான் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

1989இல் யாழ்ப்பாணத்து மயிலிட்டியிலிருந்து லண்டன் வந்தவன் நான். கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. விடியற்காலையில் பேப்பர் வாங்க ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருவார். அவர்தான் என்னை முதன்முதலில் விம்பிள்டன் கழகத்தின் ப்ளவ் லேன் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரும்புச் சுழல்கதவு வயிற்றில் இடிக்கும். அதைத் தள்ளி உள்ளே போனால் நின்று பார்க்கிற படிகள். முன்னால் நின்றால் ஆட்டக்காரன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும், அவ்வளவு சின்ன இடம். அந்த இடத்துக் கழகம்தான் முந்தின வருஷம், 1988இல், வெம்ப்ளியில் லிவர்பூலை 1-0 என்று வென்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. லாரி சான்செஸ் தலையால் போட்ட கோல். லிவர்பூலின் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை விம்பிள்டன் கோல்காவலர் டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தார். 1977 வரை நாட்டின் பெரிய அணிகள் ஆடுகிற லீக்கிலேயே இல்லாத கழகம் அது! கிழவர் இதைச் சொல்லும்போதெல்லாம் கையில் இருக்கிற தேநீர் தளும்பும்.

1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் நெரிசலில் இறந்த பிறகு பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று வந்தது. ப்ளவ் லேனில் அதற்கு வழியில்லை என்று 1991இல் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போனார்கள், கிறிஸ்டல் பேலஸின் மைதானத்தில் வாடகைக்கு. கொஞ்சக் காலம்தான் என்றார்கள். பன்னிரண்டு வருஷம் போனது. இடையில் முதலாளிமார் மாறினார்கள். 2001இல் மில்டன் கீன்ஸுக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். லீக் முதலில் மறுத்தது. கடைசியில் எஃப்.ஏ. அமைத்த மூவர் குழு 2002 மே 28இல் இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் விம்பிள்டனிலேயே அடியிலிருந்து புதுக் கழகம் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் எழுதினார்கள். அந்த வரியை இங்கே இன்றைக்கும் ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

சரி, கம்பெனி ஊர் மாறுவது மாதிரிதானே என்று கேட்டீர்கள். 1990இல் மயிலிட்டிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. வீடு, துறைமுகம், நாங்கள் பந்தடித்த வெளி எல்லாம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. துறைமுகத்தைத் திருப்பித் தந்ததே 2017இல்தான். ஆனால் எங்கள் பொடியள் முகாமிலும், ஒதுங்கின ஊர்களிலும், ஊர்க் கழகத்தின் பெயரில்தான் விளையாடினார்கள். லண்டனில் கோடையில் நடக்கிற சுற்றுப்போட்டிகளுக்கு வந்து பாருங்கள், ஜெர்சியில் ஊர்ப் பெயர்தான் இருக்கும். மண் கையை விட்டுப் போனது, ஆட்கள் இருந்தபடியால் கழகமும் இருந்தது.

விம்பிள்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. போரையும் பந்தாட்டத்தையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை, பிழையாக எடுக்க வேண்டாம். இங்கே ஆட்கள் அதே தெருக்களில் அப்படியே இருந்தார்கள். கழகத்தை மட்டும் 90 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனார்கள். 2004இல் பெயரை மாற்றினார்கள், ஆனால் "டான்ஸ்" என்பதை விடவில்லை. அது விம்பிள்டன் கழகத்தின் செல்லப்பெயர், தம்பி. உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வைத்தால், பெற்றவள் அந்தப் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிடுவாளா? பெரியவர் சொல்லாமல் விட்டது அதனால்தான்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாகத் தொடங்கினார்கள். விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆள் தேர்வு வைத்தார்கள், விரும்பினவர்கள் வந்து ஆடிக்காட்டலாம் என்று. 2002 ஜூலையில் தெற்கு லண்டன் சட்டனில் முதல் ஆட்டம். 4,657 பேர் வந்தோம். 4-0 என்று தோற்றோம், ஆனால் கடைசிவரை பாட்டு நிற்கவில்லை. கிழவர் அழுதார். தோல்விக்காக அல்ல.

ஒன்பது சீசனில் ஐந்து தடவை மேலே ஏறி 2011இல் லீக்குக்குத் திரும்பினார்கள். அதைப் பார்க்கக் கிழவர் இல்லை. அவருடைய நீல மஞ்சள் கழுத்துத்துண்டை அவர் மகள் என்னிடம் தந்துவிட்டாள். 2020 நவம்பரில், பழைய இடத்துக்குக் கிட்டவே, ப்ளவ் லேனில் புது மைதானத்தில் முதல் ஆட்டம். கட்டி முடிக்க ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கிப் பணம் போட்டார்கள். கொரோனாவால் உள்ளே ஒருவரையும் விடவில்லை. நான் வெளியே வீதியில் நின்று மைதான விளக்குகளைப் பார்த்தேன், கழுத்தில் அந்தத் துண்டோடு.

எம்கே பிரியா:
அண்ணா எழுதியதை முழுசாகப் படித்தேன். நான் மில்டன் கீன்ஸிலேயே வளர்ந்தவள். 1967இல் திட்டம் போட்டு உருவாக்கிய ஊர் இது. பழைய தெரு, பழைய கழகம் என்று எங்களுக்கு எதுவும் இல்லை. 2014 ஆகஸ்டில் எங்கள் அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்த இரவு, இது என் ஊர் என்று முதன்முதலாகத் தோன்றியது. அன்று ஆடின டெலி அலி இந்த ஊர்ப் பையன். அந்த இரவை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் எங்களுக்கு அணி வேண்டுமென்றால் கீழிருந்து ஏறியிருக்க வேண்டும், விம்பிள்டன் ரசிகர்கள் பிறகு ஏறின மாதிரி. 1988 கோப்பையின் நகலையும் பழைய நினைவுப்பொருள்களையும் 2007இல் எங்கள் கழகத்தார், விம்பிள்டன் இருக்கிற மெர்ட்டன் பகுதிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வரலாறு எங்களுடையது இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். அதைச் செய்ததில் எனக்கு நிம்மதி.

வைகைக்கரை:
அண்ணா, கம்பெனி என்று எழுதியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். பையனிடம் ஜெர்சியைப் போடாதே என்று சொல்லவா?

வாண்டில் ஆற்றங்கரை:
ஐயோ, வேண்டாம் தம்பி. அவன் வாழ்கிற ஊரின் அணி, அவன் பார்க்கட்டும். பிரியா சொன்ன இரவு மாதிரி ஒன்று அவனுக்கும் கிடைக்க வேண்டும். 2002இல் கையெழுத்துப் போட்டது அவனா?

ஒரு சனிக்கிழமை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், அன்றைக்கு மட்டும் அந்த ஜெர்சி வேண்டாம். ஹேடன்ஸ் ரோட் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், நான் வந்து நிற்கிறேன். நேரம் இருந்தால் எஃப்ரா ரோட்டுப் பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டுப் போகலாம். குளிராக இருந்தால் கிழவரின் துண்டை அவன் கழுத்தில் போட்டுவிடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும்.