மறு: எஃப்ளுயன்ட் – ‘கழிவுநீர்’ போதாதா?

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

> சீவேஜ் (குளியலறை, கழிப்பறைத் தண்ணீர்), எஃப்ளுயன்ட் (ஆலை வெளியே விடும் நீர்) இரண்டுக்கும் ‘கழிவுநீர்’ என்றே ஐம்பது வருசமாக ஓடுகிறது. இன்னொரு சொல் எதற்கு?

ஓடத்தான் செய்கிறது அண்ணாச்சி, வாறுகாலில் எல்லாம் சேர்ந்து ஓடுகிற மாதிரி.

எனக்கு இடித்த இடத்தைச் சொல்கிறேன். பேட்டைப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரருக்கு மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணையை, அதாவது ஆலைக்கு வாரியம் தரும் அனுமதி ஆணையை, தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் ஒரு அட்டவணை: எந்த நீர், ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர், எங்கே போய்ச் சேரும் என்று. இரண்டு வரியிலும் ‘கழிவுநீர்’ என்று எழுதி வைத்திருந்தேன். “தம்பி, ஒரே வரிய எதுக்கு ரெண்டு தடவ போட்டிருக்கிய?” என்றார். ஒன்று ஆட்களின் குளியலறை, கழிப்பறைத் தண்ணீர். மற்றது நெல் ஊறின தண்ணீர். மஞ்சளாக, மேலே நுரை கட்டி, தொட்டிப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்த வேண்டும். 1974 நீர்ச் சட்டமே இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது.

‘தொழிற்கழிவுநீர்’ என்றால் தீர்ந்துவிடுமே என்பீர்கள். பாதிதான் தீரும். சுத்திகரித்த பிறகும் அது எஃப்ளுயன்ட்தான். பொதுத் தர அளவின்படி பி.ஓ.டி. (நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆறு குளத்தில் விடலாம், பாசனத்துக்கு என்றால் 100 வரை. (மற்ற அளவுகளும் தேற வேண்டும், அது வேறு கதை.) அப்படித் தேறிய தண்ணீரையும் நாம் ‘சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்’ என்கிறோம். பக்கத்து வயல்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், வரப்பிலேயே மறித்துவிடுவார். மூலச்சொல்லுக்கு ‘வெளியே பாய்வது’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. நல்லதா கெட்டதா என்று அடைமொழிதான் சொல்ல வேண்டும். தமிழில் நாம் பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் கழுநீர்ப்பானை உண்டு. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி எல்லாம் அதில் விழும், சாயங்காலம் மாட்டுக்குப் போகும். அடுப்படியை விட்டு வெளியேறுகிற நீர்தான், ஆனால் கழிவு என்று யாரும் சொன்னதில்லை.

முதலில் ‘மறுகால்’ என்று நினைத்தேன். குளத்துக்கு வேண்டியது போக வெளியேறும் நீர், நம்மூர்ச் சொல். அம்மாவிடம் சொன்னேன். “குளம் மறுகால் பாஞ்சா ஊரே போய்ப் பார்க்கும். போயும் போயும் அந்தத் தண்ணிக்கா அந்தப் பேரு?” என்றாள். அதோடு விட்டேன்.

இப்போது என் பரிந்துரை: விடுநீர். வினைத்தொகை; விட்ட, விடுகிற, விடும் நீர் மூன்றுக்கும் பொருந்தும். இசைவாணை பெரும்பாலும் இனி விடப்போகும் நீரைப் பற்றியதுதானே. தொழில் விடுநீர், விடுநீர் அளவு, சுத்திகரித்த விடுநீர் என்று கிளைக்கும். அந்த நீர் வெளியே வரும் அவுட்லெட்டுக்கு ‘விடுவாய்’. பாபநாசம் அணையில் தண்ணீர் விடுவதோடு குழம்பாதா என்றால், அதற்குத் ‘தண்ணீர் திறப்பு’ என்று பத்திரிகைகள் நிலைநிறுத்திவிட்டன. கழிப்பறைத் தண்ணீருக்குக் ‘கழிவுநீர்’ அப்படியே இருக்கட்டும்.

—

தம்பி,

விடுநீர் சரி, ஏற்கிறேன். ‘விடுவாய்’ மட்டும் வேண்டாம். ஆலைக்காரரைப் பார்த்து ‘நீ ஆற்றில் விடுவாய்’ என்று வாரியமே வரம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. ‘போக்குவாய்’ என்று மாற்றினாலும் இதே வம்புதான். ‘விடுமுனை’ என்று போடும்.