நெஞ்சுக்குழி வலி: ஸ்கானில் ஒன்றுமில்லை, அடுத்தது கொழும்பா?

நெடுங்கேணி மகள்:
அம்மாவுக்கு 54 வயது. சிறுபோகம் தொடங்கிய காலத்திலிருந்து நெஞ்சுக்குழிக்குச் சற்று வலப்புறமாக, விலாவுக்குக் கீழே வலி. 2009இல் செல் (எறிகணை) பட்டு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது; முதுகுப் பக்கத்தில் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பார்த்தார்கள், பித்தப்பையில் கல் இல்லை. வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள், இரைப்பையில் இலேசான சிவப்பு, புண் இல்லை. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசை முடிய முடிய மறுபடியும் எழுதிக் கொடுக்கிறார்கள். வலி அப்படியே இருக்கிறது. கடைசியாகப் பார்த்த டொக்டர், "மனதில் உள்ளதுதான் வயிற்றில் தெரிகிறது, யோசிக்காதீர்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா வழிநெடுக ஒரு சொல்லும் பேசவில்லை. கனடாவில் இருக்கும் மாமா, காசு அனுப்புகிறேன், கொழும்பில் முழு உடம்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார். எடுப்பதா, விடுவதா?

பரந்தன் சந்தி:
எடுங்கள் தங்கச்சி. காசு தர ஆள் இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் சித்தப்பாவுக்கும் ஸ்கானில் கல் இல்லை என்றுதான் எழுதினார்கள். பிறகு கண் மஞ்சளாகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்து விழுந்தபோதுதான் பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தது தெரிந்தது. சாதாரண ஸ்கான் பித்தப்பைக் கல்லை நன்றாகக் காட்டும். குழாய்க்குள் இருக்கும் கல்லைப் பல நேரம் தவறவிடும். கணையத்துக்கு முன்னால் குடல் வாயு நின்றால் அதுவும் சரியாகத் தெரியாது. "ஸ்கானில் ஒன்றுமில்லை" என்பதற்கு, அந்த ஸ்கான் பார்த்த இடத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் பொருள். நோயே இல்லை என்று அவர்கள் எப்படிச் சொல்லலாம்?

ஓய்வுபெற்ற தாதி:
பரந்தன் தம்பி, குழாய்க் கல்லைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பிள்ளை எழுதியதில் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். உடம்பில் செல் துண்டு இருக்கும் ஒருவரை "முழு உடம்புக்கும் எம்.ஆர்.ஐ." என்று அனுப்புகிறீர்களே! அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். செல் துண்டு பெரும்பாலும் இரும்பு. அது இழுபடலாம், சூடேறலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றின் அருகே இருந்தால் ஆபத்து. எல்லோருக்கும் முற்றான தடை என்று நான் சொல்லவில்லை. முதலில் எக்ஸ்றே எடுத்து, துண்டு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக் கதிரியல் நிபுணர்தான் முடிவெடுக்க வேண்டும். பதிவு செய்யும் இடத்தில் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வன்னியில் பழைய காயத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் பயப்படுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

மகள், எனக்குச் சில விவரம் வேண்டும். வலியை அம்மா உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறாரா, ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிறாரா? சாப்பாட்டோடு கூடிக் குறைகிறதா? குனிந்து களை பிடுங்கும்போது, பாயிலிருந்து எழும்போது எப்படி?

முள்ளியவளையான்:
இது குடலேற்றம். எண்ணெய் போட்டு வயிற்றை உருவிவிடத் தெரிந்த பரியாரிமார் எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறார்கள். ஓமத்தை வறுத்துக் குடிக்கக் கொடுங்கள். கமரா விட்டு, குழாய் விட்டு மனிசரைச் சாகடிக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற தாதி:
ஐயா, ஓமத்தண்ணீர் குடிக்கட்டும், தடுக்கவில்லை. வெட்டித் தைத்த வயிற்றை உருவ மட்டும் விடாதீர்கள். உள்ளே குடல் ஒட்டிக்கிடந்தால் என்ன ஆகும் என்று பரியாரியாருக்கும் தெரியாது.

நெடுங்கேணி மகள்:
ஒரு விரலால்தான் காட்டுகிறார் அக்கா. பழைய தையல் தழும்பு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில். சாப்பாட்டோடு பெரிதாகச் சம்பந்தம் இல்லை. தண்ணீர்க் குடம் தூக்கினால், படுக்கையிலிருந்து எழுந்தால் "சுள்" என்கிறது. வாந்தி இல்லை, மலம் கறுப்பாகப் போகவில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
அப்படியானால் வலி வயிற்றுக்குள்ளே இல்லாமல் வயிற்றுச் சுவரில் இருக்கலாம். 1926இல் கார்னெட் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் எழுதிவைத்த எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, நோகும் புள்ளியில் விரலை அழுத்திக்கொண்டே தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார்கள். வயிற்றுத் தசை இறுகும்போது உள்ளுறுப்புக்கு அது கவசமாகிவிடும். ஆகவே உள்ளே உள்ள வலி குறையும். சுவரில் உள்ள வலி என்றால் அப்படியே இருக்கும் அல்லது கூடும். தழும்புக்குப் பக்கத்தில் நரம்பு நசுங்கினால் இப்படி வரும். எந்த ஸ்கானும் அதைக் காட்டாது. அந்தப் புள்ளியில் விறைப்பு ஊசி போட்டு வலி சட்டென்று குறைந்தால் விடை கிடைத்த மாதிரி. வீட்டில் நீங்கள் செய்துபார்த்து முடிவெடுக்க வேண்டாம். சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் "கட்டில் ஏற்றிப் பாருங்கள்" என்று கேளுங்கள்.

பரந்தன் சந்தி:
நல்ல கதை. 1926இல் விரலால் குத்திப் பார்த்ததை வைத்து இந்தக் காலத்தில் வைத்தியமா? கிளினிக்கில் கொப்பியைத் திறந்து பழைய குளிசையையே திரும்ப எழுதுகிறார்கள். கட்டில் ஏற்றிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது அக்கா? நேரம் இல்லாத இடத்தில் இயந்திரம்தான் ஏழைக்குத் துணை.

ஓய்வுபெற்ற தாதி:
நேரம் இல்லை என்பது உண்மை. அதற்காகத் தொட்டுப் பார்க்காமலேயே ஸ்கானுக்கு அனுப்பினால், ஸ்கானுக்கு எதைத் தேடுவது என்று எப்படித் தெரியும்?

மாங்குளம் வாத்தியார்:
எல்லோரும் அந்த டொக்டரைத் திட்டுகிறீர்கள். அவர் சொன்ன விதம் பிழையாக இருக்கலாம், சொன்ன விஷயம் வெறும் கதையில்லை. புண்ணும் இல்லாமல் கல்லும் இல்லாமல் மேல்வயிறு மாதக்கணக்கில் நோகும் ஒரு நிலை உண்டு; செயற்பாட்டுச் செரிமானக் கோளாறு என்பார்கள். இரைப்பையின் நரம்புகள் அளவுக்கு மீறி உணர்கின்றன. வலி பொய்யில்லை. அமிட்ரிப்டிலின் என்ற குளிசையைச் சிறிய அளவில் கொடுத்தால் பலருக்குக் கேட்கிறது. அது மனநோய்க் குளிசை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் எங்கள் ஆட்கள் வேலியோரம் எறிந்துவிடுகிறார்கள்.

பரந்தன் சந்தி:
வாத்தியார் ஐயா, இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வன்னிச் சனம் தலையிடி என்று போனாலும் யுத்தம், நாரி நோகிறது என்று போனாலும் யுத்தம், வயிறு நொந்தாலும் யுத்தம். "நிறையப் பார்த்துவிட்டீர்கள், அதுதான் இப்படி" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் பார்த்தது உண்மை. அதற்காக எங்களுக்குப் பித்தக் கல்லும் புற்றுநோயும் வராது என்று யாராவது எழுதித் தந்திருக்கிறார்களா?

அல்சரின் கதையை எடுங்கள். 1980கள் வரை அதற்கு மன அழுத்தமும் உறைப்பும்தான் காரணம் என்று உலகமே அடித்துச் சொன்னது. 1982இல் அவுஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இருவர் இரைப்பைக்குள் ஒரு பக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். நம்ப ஆளில்லாமல் மார்ஷல் அதைத் தானே குடித்து நோயை வரவழைத்துக் காட்டினார். 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதுவரை "யோசிக்காதீர்கள்" என்று அனுப்பப்பட்டவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

மாங்குளம் வாத்தியார்:
அந்தக் கதையிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் எனக்குப் பிடிபடவில்லை. அந்த பக்டீரியாவைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. தேவையில்லையே. கமரா விட்டபோது சிறு சதை எடுத்துச் சோதித்தார்களா என்று அறிக்கையைப் பார்த்தால் போதும். எடுக்கவில்லை என்றால் மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ செய்யலாம். ஒமெப்ரசோலை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். டொக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். இன்னொன்று, நாரி நோவுக்கு பார்மசியில் டைக்குளோபினாக் என்ற வலிக் குளிசை வாங்கிப் போடுகிறாரா? வயல் வேலை செய்யும் வீடுகளில் அது பனடோல் போல ஓடுகிறது. இரைப்பையையும் அரிக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள ஊர்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

நெடுங்கேணி மகள்:
டைக்குளோபினாக் போடுவார். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் எத்தனை என்று தெரியாது. கமரா அறிக்கையில் சதை எடுத்ததாக ஒன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற தாதி:
அதை இன்றே நிறுத்துங்கள். மற்றவர்களும் வாசிப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நெஞ்சுக்குழியில் திடீரென்று இறுக்கமாக வலி வந்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் வாய்வு என்று உள்ளிப்பூண்டு தின்றுகொண்டு இருக்காதீர்கள். மாரடைப்பு அப்படியும் வரும். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோகாமலேயே வரலாம். 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி:
சரி, எம்.ஆர்.ஐ.யை விடுகிறேன். ஆனால் ஒருவரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். அம்மாவின் நிறை என்ன? கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு முறையும் எழுதுவார்களே. மெலிந்திருக்கிறாரா?

நெடுங்கேணி மகள்:
மெலிந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிறோம்தானே. பொறுங்கள், கொப்பியை எடுக்கிறேன்.

முதல் பக்கத்தில் 58 கிலோ. கடைசிப் பக்கத்தில் 51.

பரந்தன் சந்தி:
இதைத்தான் கேட்டேன்.

மாங்குளம் வாத்தியார்:
வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்திருக்கலாம். அளவாகச் சாப்பிடுகிறாரா?

நெடுங்கேணி மகள்:
இரவில் பாதி கோப்பையோடு எழுந்துவிடுகிறார். பசியில்லை என்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி:
வாத்தியார் சொல்வது போலவும் இருக்கலாம். ஆனால் இந்த வயதில், முயற்சி செய்யாமல் ஏழு கிலோ குறைந்தால் அப்படி வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சுவர் வலி இருந்தாலும் உள்ளேயும் ஒன்று இருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று ஆகாது. வரிசை மாறுகிறது மகள். முதலில் கணையத்தைப் பார்க்கச் சீ.ரி. ஸ்கான். அதற்குக் காந்தம் இல்லை, செல் துண்டு இருந்தாலும் எடுக்கலாம். உலோகத்துக்குப் பக்கத்தில் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். மருந்து ஏற்றி எடுப்பார்கள், அதற்கு முன் சிறுநீரக இரத்தப் பரிசோதனை வேண்டும். டைக்குளோபினாக் போட்டதை அங்கே மறைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலேயே எடுக்கலாம், கொழும்பு தேவையில்லை. அடுத்த கிளினிக் நாள் வரை இருக்காமல் நாளைக்கே போய், வலியைச் சொல்வதற்கு முன் கொப்பியின் இரண்டு பக்கங்களையும் டொக்டரின் முன்னால் திறந்து வையுங்கள்.

நெடுங்கேணி மகள்:
காலை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன். 2009இல் வெட்டியபோது ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டைக் கேட்பார்களா? அது முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது.

ஓய்வுபெற்ற தாதி:
அந்தக் காகிதத் துண்டு இல்லாவிட்டால் பரவாயில்லை. எந்தப் பக்கம் பட்டது, எந்த இடத்தில் வெட்டினார்கள், குடல் எடுத்தார்களா என்று அம்மாவுக்கு நினைவிருப்பதை இன்றிரவு கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கேட்டால் அவர் பேசமாட்டார்.

பரந்தன் சந்தி:
மாமாவிடம் காசை அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் தங்கச்சி. சீ.ரி.க்கு அரசாங்கத்தில் திகதி தள்ளிக் கொடுத்தால் வெளியில் எடுக்க வேண்டிவரும்.