இடமாற்றம் எடுக்கிறதா விடுறதா: அமைதியா இருந்தா உள்மனம் பேசுதில்ல, கவலைதான் பேசுது

வாவிக்கரை:
மட்டக்களப்பில இருந்து அம்பாறைக்கு இடமாற்றம் வந்திருக்கு. ரெண்டு கிழமைக்குள்ள பதில் குடுக்கணும். "கொஞ்சம் அமைதியா இருந்து உள்மனம் சொல்றதக் கேளு" எண்டு எல்லாரும் சொல்றாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு கண்ணை மூடினா ஒண்டில் நித்திரை, இல்லாட்டி கவலை வரிசையா வருது. எப்படி இருக்கிறது? வாறது உள்மனமா பயமா எண்டு எப்படிப் பிரிக்கிறது?

படுவான்கரை:
நேரம்தான் பிழை. பகல் ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் இடையில உடம்பு தானாச் சோரும், சோறு சாப்பிடாட்டியும் சோரும். அந்த நேரம் யோசிக்க இருக்காம நேரா படுங்க. அலாரம் 20 நிமிசம். அரை மணித்தியாலம் தாண்டினா ஆழ்ந்த நித்திரைக்குள்ள போயிடும், எழும்பேக்க தலை பாரமா இருக்கும். கச்சான் காத்து (மேற்கால வாற வரண்ட சூட்டுக் காத்து) அடிக்கிற மாசங்கள்ல முதல்ல ரெண்டு கிளாஸ் தண்ணி குடிங்க. தண்ணி காணாம வாற தலையிடியையும் எரிச்சலையும் "மனசு சரியில்ல" எண்டு நினைச்சு முடிவெடுக்கிற ஆக்கள் இருக்காங்க.

இருக்கிறதுக்கு விடியக்காலைதான் திறம். பின்னேரம் எண்டா பொழுதுபட முதல் முடிங்க, பிறகு நுளம்பு விடாது. சப்பாணி கட்டத் தேவையில்ல, கதிரை போதும். ரெண்டு பாதமும் நிலத்தில, முதுகு சாயாம. கண்ணை முழுசா மூடாம மூணடி தள்ளி நிலத்தைப் பாருங்க. நாலு எண்ணும் வரை மூச்சு உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. வெளியே விடுறது நீண்டா நெஞ்சுத் துடிப்பு இறங்கும், அதுக்குத்தான் அந்த ஆறு. ஒரு மூச்சுக்கு ஒரு கணு எண்டு பெருவிரலால மற்ற நாலு விரலின்ட கணுக்களையும் தொட்டு எண்ணினா ஒரு கையில 12. ரெண்டு கையும் முடிய நாலு நிமிசம். தலை சுத்தினா, விரல் நுனி விறுவிறுத்தா மூச்சைப் பெரிசா இழுக்கிறீங்க. எண்ணிக்கையை மாத்தாதீங்க, காத்தைக் குறைங்க. போன் வேற அறையில.

எழுவான்:
கவலையைத் தள்ளாதீங்க, இருக்க முதல் கொப்பியில எழுதுங்க. பஸ், வாடகை, பிள்ளைட பள்ளிக்கூடம். இதெல்லாம் உள்மனத்திட்ட கேக்கிற விசயம் இல்ல, டிப்போவில கேக்கிற விசயம். விசாரிச்சு வெட்டிட்டு மிச்சத்தோட இருங்க.

"போகட்டா, நிக்கட்டா" எண்டு கேட்டா மனசு பட்டிமன்றம் நடத்தும். அதால ஒரு நாள் முழுக்க "நான் போறேன்" எண்டு முடிவாகிட்ட மாதிரி நடங்க. அடுத்த நாள் "நான் நிக்கிறேன்". மாறி மாறி ஆறு நாள். காலையில மூச்சு முடிஞ்ச கையோட தாடை, தோள், வயிறு மூணையும் கவனிச்சு ஒரு வரி எழுதுங்க. பயம் அவசரப்படுத்தும், அனேகமா அடுத்தவன்ட குரல்ல வரும்: "சனம் என்ன சொல்லும்". உள்மனம் சின்ன வசனமா வரும், நாள் போனாலும் மாறாது. புதுசு எண்டாலே வயிறு இறுகிற ஆள் எண்டா முதல் ரெண்டு நாள் குறிப்பைக் கணக்கில எடுக்காதீங்க.

சம்மாந்துறை நானா:
தங்கச்சி, பகல்ல கொஞ்சம் சாயிறதை நாங்க கைலூலா எண்டுற, அது சுன்னத்து, நபி காட்டின வழி. முடிவுக்கு இஸ்திகாரா, அதாவது நல்லதைக் காட்டச் சொல்லி அல்லாஹ்கிட்ட கேக்கிறது: ரெண்டு ரக்அத் நபில் (கடமையில்லாத தொழுகை) தொழுதுட்டு துஆ. கனவு வரும் எண்டு காத்திருக்கிற ஆக்கள் எங்கட பக்கம் நிறைய. கனவு ஒரு நிபந்தனையே இல்ல. விசயம் தெரிஞ்ச ஆக்கள்ட்ட ஆலோசனையும் கேட்டுட்டு, நல்லதாப் படுற பக்கம் காலை வைக்கிறதுதான்.

வார்டு ஏழு:
ஒண்டு சேக்கணும். யுத்தமும் 2004 சுனாமியும் பாத்த ஊர் இது. அமைதியா இருந்தாலே பழசெல்லாம் மேல வந்து சிலருக்கு நெஞ்சடைக்கும். அப்ப பல்லைக் கடிச்சுட்டு இருக்க வேணாம். கண்ணை நல்லாத் திறந்து, தெரியிற ஐஞ்சு சாமானின்ட பேரை வாய்விட்டுச் சொல்லுங்க, எழும்பி நடங்க. நடந்துட்டே மூச்சு எண்ணலாம், நாலு அடிக்கு உள்ளே, ஆறு அடிக்கு வெளியே. "செத்துப்போ" எண்டுற குரல் உள்மனம் இல்ல, அது வருத்தம், நோய். அது கேட்டா உடனே போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்க, இல்லாட்டி மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்க. ரெண்டு கிழமையா நித்திரையும் பசியும் இல்லாட்டியும் அப்படித்தான்.

வாவிக்கரை:
நன்றி. வீட்டில ஆறு பேர், தனி அறை இல்லையே?

படுவான்கரை:
குசினியில கதிரையைப் போடுங்க, தேத்தண்ணிக்கு கேத்தில் வைக்க முதல். வீட்டாக்கள்ட்ட முதல் நாளே சொல்லி வைங்க. இல்லாட்டி ஏன் இப்படி இருக்கிற, காய்ச்சலா எண்டு ஆளாளுக்கு நெத்தியைத் தொட்டுப் பாப்பாங்க.