காட்பாடியிலிருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு கார் பிடிக்காமல் ரயிலிலேயே போகலாமா?

சத்துவாச்சாரி_வாசி:
மதியம் 2.40க்கு வெளிநாட்டு ஃப்ளைட். கூட அம்மா வர்றாங்க, முழங்கால் வலி. பெரிய பெட்டி ரெண்டு. சென்ட்ரல் போய் மெட்ரோ நல்லதா, இல்லை திரிசூலம் வழியா மின்சார ரயிலா?

பழைய_காட்பாடி:
மெட்ரோதான். திரிசூலம் ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு எதிரிலேயே இருக்கு, டிக்கெட்டும் பத்து ரூபாய்க்கு மேல் போகாது. ஆனா அதுக்கு சென்ட்ரல்ல இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பார்க் ஸ்டேஷனுக்குப் பெட்டியோடு போகணும். இறங்கின பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டையும் கடக்கணும். தோளில் ஒரு பை மட்டும் இருக்கிறவங்களுக்குத்தான் அது லாபம்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்க. மூணு மணி நேரம் முன்னாடின்னா 11.40க்கு டெர்மினல் வாசல். மெட்ரோவுக்கு முக்கால் மணி. சென்ட்ரல்ல இறங்கி, பெட்டியை ஸ்கேனரில் விட்டு, பிளாட்பாரம் சேர அரை மணி. அதனால அட்டவணைப்படி 9.30க்குள் சென்ட்ரல் சேரும் வண்டியா எடுங்க. காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் சரியா இருக்கும். 10.15க்கு வர்ற வண்டியை நம்பாதீங்க. பெரம்பூர் வரை பறந்து வந்துட்டு பேசின் பிரிட்ஜ்ல சிக்னலுக்குப் படுத்துக்கும், பிளாட்பாரம் காலியாகணுமே.

சென்ட்ரல்ல தண்டவாளம் முடிஞ்சிடுது. எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில் வந்தா வாசல் கிட்ட இறங்கலாம், கடைசிப் பெட்டின்னா முழு ரயில் நீளமும் நடை. அம்மாவுக்கு பேட்டரி கார் கேளுங்க.

கீழே போனதும் நீல வழித்தடம், ‘விமான நிலையம்’ பலகை. இதே வழித்தடத்தின் மறுபக்கம் விம்கோ நகர் போகும், அதுல ஏறிடாம பார்த்து ஏறுங்க. பச்சை வழித்தடத்தில் ஏறிட்டாலும் பதற வேண்டாம்: எழும்பூர், கோயம்பேடுன்னு சுத்தி ஆலந்தூர் வரும், அங்கே மாறிக்கலாம். நேரம்தான் போகும்.

ஆற்காடு_ரோடு:
மேலே சொன்னது சரி. ஒண்ணு சேர்க்கணும். மெட்ரோ ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு. அங்கிருந்து டெர்மினல் வரைக்கும் நடைதான் அம்மாவைப் படுத்தும். வீல்சேர் ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. அதை டெர்மினல் வாசல்லதான் தருவாங்க, மெட்ரோ வரை வராது. வெளிநாட்டு விமானம்னா 2ஆம் டெர்மினல். 1, 4 ரெண்டும் உள்நாடு.

சத்துவாச்சாரி_வாசி:
நன்றி சார். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வழியா சென்னை பீச் ஸ்டேஷன் போகும் மெமு (குறுந்தூர மின்சார ரயில்) வண்டியில் ஏறினா காட்பாடி போகும் வேலை மிச்சமில்லையா?

பழைய_காட்பாடி:
வேலூர்லயே ஏறலாம், உண்மை. ஆனா அது சென்ட்ரலைத் தொடாது. வியாசர்பாடி ஜீவா, ராயபுரம்னு பீச்சுக்குப் போயிடும். பீச்ல தாம்பரம் வண்டிக்கு மாறி திரிசூலம், அதாவது மறுபடி அந்த ரோடு கடக்கிற கதை. ரிசர்வேஷனும் கிடையாது. பெட்டியோடு வேண்டாம்.

பாலாற்றங்கரை:
விடியற்காலை ஃப்ளைட்காரங்களுக்கு: மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்கும், இரவு 11 வாக்கில் முடியும். இரவு வண்டியில் 4 மணிக்கு சென்ட்ரல்ல இறங்கி, 7 மணிக்கு உள்நாட்டு ஃப்ளைட்னா ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு முதல் மெட்ரோ பிடிச்சாலும் இடிக்கும். அன்னிக்கு டாக்சிதான்.

பஸ்ல வர்றவங்க கோயம்பேடு போகும் பஸ்ஸான்னு கேட்டு ஏறுங்க. பஸ் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ, ஆலந்தூர்ல ஒரு மாற்றம், முடிஞ்சது.

பெங்களூர்ல டிக்கெட் மலிவுன்னு அந்தப் பக்கம் போறவங்க கவனிங்க: அங்கே ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ இன்னும் கட்டிக்கிட்டு இருக்காங்க. 2021ல் திறந்த ஏர்போர்ட் ஹால்ட்ங்கிற சின்ன ஸ்டேஷன்ல நிற்கும் ரயில்கள் ரொம்பக் குறைவு, இறங்கினாலும் டெர்மினலுக்கு பஸ்தான். மிச்சம் பிடிச்ச காசு வழியிலேயே கரைஞ்சிடும்.