பொழிமுகத்தில் திரை உடைகிறது: உள்ளே ஓடுவதா, வெளியே கிடப்பதா?

வள்ளக்காரன்

போன வருடம் ஆனி மாதம் எங்கள் வள்ளம் ஒரு பொழிமுகத்தில், அதாவது ஆறோ காயலோ கடலில் சேரும் முகத்துவாரத்தில், கவிழ்ந்தது. நாலு பேர் இருந்தோம், நாலு பேரும் கரை சேர்ந்தோம். மச்சானுக்கு மட்டும் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எந்த இடம் என்பதை விட்டுவிடுகிறேன். அன்று உள்ளே போகலாம் என்று முடிவு எடுத்தது நான், அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

காலை ஏழரை மணி இருக்கும். சாளை மீன் நல்ல பாடு, வள்ளம் கனமாக இருந்தது. வெளியே நின்று பார்த்தபோது வாசல் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. கடல் பக்கத்திலிருந்து பார்த்தால் திரையின், அதாவது அலையின், முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. கரையில் நின்றவர்கள் துண்டை வீசிக் காட்டினார்களாம், நாங்கள் கவனிக்கவில்லை. வற்றம், அதாவது நீர் கடலை நோக்கி வடியும் ஓட்டம், ஓடிக்கொண்டிருந்த நேரம். நடு வாசலில் பின்னாலிருந்து ஒரு திரை எழுந்து வள்ளத்தின் பின்பக்கமான அமரத்தைத் தூக்கியது. முன்பக்கமான அணியம் தண்ணீருக்குள் குத்தியது. வள்ளம் குறுக்கே திரும்பியது, அடுத்த திரை புரட்டிப் போட்டது. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீர் மறுபடி உள்ளே ஏறும் ஏற்றம் திரும்பும்வரை இரண்டு மணி நேரம் வெளியே கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் நான் கேட்பது இதுதான்: வாசலில் திரை உடையும்போது வற்ற நேரத்தில் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஒவ்வொரு ஊரும் கட்டுப்பாடு வைக்க வேண்டும். மீறினால் ஒரு வாரம் ஏலத்தில் மீன் எடுக்கக்கூடாது. கடுமையாகத் தெரியலாம். எனக்குக் கடுமையாகத் தெரியவில்லை.

ஆழிக்கரை

அண்ணே, நீங்கள் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் இந்தக் கட்டுப்பாட்டை நான் முழுசாக எதிர்க்கிறேன்.

நம் குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுக வாசலில் எத்தனை வள்ளம் கவிழ்ந்தது, எத்தனை பேர் போனார்கள் என்று நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். அலைத்தடுப்புச் சுவரைச் சரிசெய்து கட்டுங்கள் என்று எத்தனை தடவை சாலையில் உட்கார்ந்தார்கள்? வடக்கே கேரளத்து முதலப்பொழியைப் பாருங்கள். 2023 ஜூலை 10 அதிகாலையில் ஒரே வள்ளத்தில் நாலு பேர் இறந்தார்கள். 2025இல் மணல் வந்து பொழியே அடைந்துபோனது. இதெல்லாம் மீனவனுக்கு வள்ளம் ஓட்டத் தெரியாமல் நடந்ததா?

நம் அப்பா காலத்தில் கட்டுமரத்தைத் திறந்த கரையில் ஏற்றினார்கள். எந்தத் திரையில் ஏற வேண்டும், எதை விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். திரை ஒழுங்காக வந்து ஒழுங்காக உடைந்தது. இப்போது இரண்டு பக்கமும் கல்லைப் போட்டுவிட்டு, அந்தக் கல்லில் அடித்துத் திரும்பும் அலையும் சேர்ந்து வாசலைக் கொதிக்க வைக்கிறது. கவிழ்ந்தவன் மணலில் விழுவதில்லை, கல்லில் போய் மோதுகிறான். இந்த நிலையில் "மீனவனே, நீ காத்திரு" என்று நாமே சட்டம் போட்டால் நாளைக்கு அதிகாரிகள் அதைத்தான் காட்டுவார்கள். "கட்டுப்பாட்டை மீறினான், அதனால் செத்தான், நிவாரணம் கிடையாது" என்பார்கள்.

வள்ளக்காரன்

தம்பி, வாசல் தப்பாக இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைச் சரிசெய்யும்வரை நாளைக்கும் நாளை மறுநாளும் அந்த வழியாகத்தானே வர வேண்டும்? அதுவரை என்ன செய்வது?

தூத்தூர்ப்பக்கம்

வெளியே கிடப்பது என்றால் சும்மா கிடப்பது என்று நினைக்கிறீர்கள். ஆனி ஆடியில் மதியம் ஆக ஆகக் கச்சான் காற்று ஏறும். காலையில் ஒரு மாதிரி இருக்கும் வாசல், இரண்டு மணி நேரம் கழித்து ஏற்றம் வந்தாலும் காற்றால் இன்னும் மோசமாகலாம். மண்ணெண்ணெய் குறையும். இருட்டிவிட்டால் திரையே தெரியாது. காத்திருந்து செத்தவர்களும் உண்டு. குளச்சல் துறைமுகத்துக்குப் போகலாம்தான். அங்கே ஏலம் வேறு ஆள் கையில், வண்டி வாடகை தனி, சாளைக்கு அதற்குள் விலை போய்விடும். வள்ளத்தில் இருக்கும் ஐந்து வீட்டுச் சாப்பாடு அது.

கட்டுப்பாடு என்றால் கடிகாரம் பார்த்துப் போடும் கட்டுப்பாடு வேண்டாம். கடலைப் பார்த்துப் போடுவதாக இருந்தால் பேசலாம்.

ஓதம்

நான் மீனவக் குடும்பத்தில் பிறந்து கடலியல் படித்தவன், கடலுக்குப் போவதில்லை. இங்கே எல்லாரும் ஒரே விஷயத்தின் வேறு வேறு பக்கங்களைப் பேசுவதாகத் தோன்றுகிறது. கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

அலையின் உயரம் தண்ணீரின் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது அலை உடையும். மூன்று மீட்டர் ஆழம் உள்ள வாசலில் இரண்டேகால் மீட்டர் அலைதான் உடையும். அதே வாசலில் மணல் சேர்ந்து ஆழம் இரண்டு மீட்டர் ஆகிவிட்டால் ஒன்றரை மீட்டர் அலையே உடைந்துவிடும். அதாவது தூர்வாராமல் விட்ட ஒவ்வொரு அடி மணலும், முன்பு பிரச்சினை இல்லாத சாதாரண நாட்களை ஆபத்தான நாட்களாக மாற்றுகிறது. ஆழிக்கரை சொல்வதன் உண்மை இங்கே இருக்கிறது.

அப்புறம் வற்றம். வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் எதிரெதிராக மோதும்போது அலை நெருங்கிச் செங்குத்தாக எழும்பும். காற்றே இல்லாத நாளிலும் இது நடக்கும். வள்ளக்கார அண்ணன் பட்டது இதுதான். ஆனால் கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையை மட்டும் பார்த்து நம்பக்கூடாது. உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே சுமார் ஆறேகால் மணி நேரம் என்பது கடலில் உள்ள கணக்கு. காயலிலும் ஆற்றிலும் தேங்கிய நீர் அதன் பிறகும் வடிந்துகொண்டே இருக்கும். வெளியே ஏற்றம் தொடங்கிய பிறகும் வாசலில் நீர் கடலை நோக்கியே ஓடலாம். மலையில் நல்ல மழை பெய்து ஆறு நிறைந்து வந்தால் நாள் முழுக்க வெளி ஓட்டம்தான். அந்த நாட்களில் "ஏற்றம் வரட்டும்" என்று காத்திருப்பதில் பெரிய பயன் இல்லை. தூத்தூர்ப்பக்கம் சொன்னது சரி, கடிகாரம் போதாது.

இன்னொன்று, தூரத்திலிருந்து வரும் அலை. ஆறு விநாடிக்கு ஒன்று வரும் ஒரு மீட்டர் காற்றலை, ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தாலும் பெரிதாக உயராது. பதினாறு விநாடிக்கு ஒன்று வரும் ஒரு மீட்டர் அலை, உடையும் முன் ஒன்றரை மீட்டருக்கும் மேல் எழும். வெளியே இரண்டும் ஒரே உயரம்தான். நீண்ட அலை ஆழ்கடலில் வள்ளத்தைத் தொட்டில் மாதிரி ஆட்டும், பயமே வராது. கள்ளக்கடல் என்று நாம் சொல்வது இந்தச் சாதிதான். தென்துருவத்துக்குப் பக்கத்துக் கடலில் அடிக்கும் புயல் காற்றில் பிறந்து, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை இழுத்துக்கொண்டதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கொடுக்கும் அறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள்.

ஆழிக்கரை

இது நல்ல விளக்கம். ஆனால் கவனியுங்கள், மணல் சேர்ந்ததால் ஒன்றரை மீட்டர் அலையே உடைகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் குற்றம் எங்கே இருக்கிறது?

ஓதம்

மணலில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணல் இருப்பது தெரிந்தும் உள்ளே வருவது வேறு முடிவு. ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது.

தூத்தூர்ப்பக்கம்

சரி, உள்ளே வந்தே ஆக வேண்டும் என்றால் எப்படி வருவது என்று யாருமே எழுதவில்லை. நான் முப்பது வருடமாகச் செய்வதைச் சொல்கிறேன்.

வாசலுக்கு வெளியே, திரை உடையாத இடத்தில் அணியத்தைக் கடலுக்குக் காட்டி நிற்க வேண்டும். குறைந்தது கால் மணி நேரம். பெரிய திரைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் அடங்கும். மூன்று நாலு கூட்டம் பார்த்தால்தான் அந்த நாளின் கணக்கு பிடிபடும். நிற்கும்போதே எண்ணெய் டேங்கை மாற்றி நிறைந்த டேங்கைப் போட்டுவிடு. அடிமட்ட எண்ணெயில் தூசியும் காற்றும் இழுத்து நடு வாசலில் எஞ்சின் நின்று செத்தவர்களை எனக்குத் தெரியும். நங்கூரத்தை வலைக்கு அடியில் வைக்காதே, கயிற்றோடு கைக்கு எட்டும் இடத்தில் வை. உள்ளே கிடக்கும் தண்ணீரை இறைத்துவிடு. வள்ளத்துக்குள் ஓடும் தண்ணீர், சாய்ந்த பக்கமே போய் இன்னும் சாய்க்கும். வலையை இறுக்கிக் கட்டு. பாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளு, அணியம் குத்தக்கூடாது.

கூட்டத்தின் கடைசித் திரை தாண்டியதும் அதன் முதுகில் ஏறி அதோடு வர வேண்டும். அதை முந்தினால் முன்பக்கச் சரிவில் சறுக்கிக் குத்துவாய். பின்தங்கினால் அடுத்தது அமரத்தில் விழும். உள்ளே இறங்கிய பிறகு பயந்து திரும்பக்கூடாது. திரும்பும்போது வள்ளம் குறுக்கே கிடக்கும், கவிழ அது போதும்.

ஓதம்

அண்ணா, இதில் ஒரு சிக்கல். மூன்று மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும். பாரம் ஏற்றிய வள்ளம் ஒரே ஒரு 9.9 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு, அதுவும் வற்றத்துக்கு எதிராக, அந்த வேகத்தைப் பிடிக்காது. நீங்கள் சொல்லும் முறை இரண்டு எஞ்சின் வள்ளத்துக்குச் சரி. மற்றவர்களை எப்படியும் அடுத்த திரை எட்டிப்பிடிக்கும்.

தூத்தூர்ப்பக்கம்

உண்மைதான். நான் ஓட்டுவது இரட்டை எஞ்சின். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒற்றை எஞ்சினோடு பாரமாக வருபவன், திரை உடையும் வாசலில் நான் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

கரையில் நிற்பவள்

என் அண்ணன் முகத்துவாரத்தில்தான் போனான். அதனால் ஒரு கேள்வி மட்டும். இவ்வளவு பேசினீர்கள், ஒருத்தர்கூட உயிர்காப்பு மேலங்கி என்ற வார்த்தையை எழுதவில்லை. அண்ணன் கரைக்கு ஐம்பது மீட்டர் தூரத்தில் இருந்தான். நல்ல நீச்சல்காரன். தலையில் அடிபட்டு மயங்கியவனுக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்?

ஆழிக்கரை

அக்கா, மனசு கனக்கிறது. ஆனால் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது, கொக்கியிலும் கண்ணியிலும் மாட்டும். வள்ளம் கவிழ்ந்து அடியில் சிக்கினால், மிதக்கும் மேலங்கி ஆளை மேலே தள்ளி வள்ளத்தோடு ஒட்டிவிடும், மூழ்கி வெளியே வர முடியாது. சும்மா சொல்லவில்லை, அந்தப் பயம் எங்களுக்கு உண்டு.

கரையில் நிற்பவள்

வலை இழுக்கும்போது போடச் சொல்லவில்லை தம்பி. வாசலுக்கு வெளியே கால் மணி நேரம் நிற்கச் சொன்னாரே, அப்போது போடலாமே? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் முகத்துவார மணல்திட்டைத் தாண்டும்போது வள்ளத்தில் இருக்கும் எல்லாரும் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். நியூசிலாந்தில் கைபாரா என்ற முகத்துவாரத்தில் 2016 நவம்பரில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து எட்டு பேர் இறந்தார்கள். இறந்தவர்களைப் பற்றி இரவில் உட்கார்ந்து படிக்கிறவள் நான். அடியில் சிக்குகிறவன் ஒருவன் என்றால் வெளியே தூக்கி வீசப்படுகிறவன் எத்தனை பேர்?

வள்ளக்காரன்

அக்கா சொல்வது சரி. நாங்கள் நாலு பேருமே வெளியேதான் வீசப்பட்டோம். யாரும் அடியில் சிக்கவில்லை. மச்சான் ஒற்றைக் கையால் எண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். கேன் இல்லையென்றால் இன்றைக்கு அவன் இல்லை.

என் கட்டுப்பாட்டை மாற்றிக்கொள்கிறேன். கடிகாரம் வேண்டாம். சுவரின் முனையில் அனுபவமுள்ள ஒரு பெரியவர் நிற்கட்டும். திரையின் முகம் கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். பகலில் சிவப்புக் கொடி, இருட்டில் சிவப்பு விளக்கு. சிவப்பு இருந்தால் ஒற்றை எஞ்சின் வள்ளம் உள்ளே வரக்கூடாது, வெளியே கிடக்கட்டும் அல்லது குளச்சலுக்குப் போகட்டும். மற்றவர்கள் மேலங்கியோடு வரட்டும். யாராவது கவிழ்ந்தால் அந்தப் பெரியவரே கடலோரக் காவல்படையின் 1554க்குப் பேசிவிடலாம். தண்டனைப் பேச்சை எடுத்துவிடுகிறேன்.

ஆழிக்கரை

அந்தப் பெரியவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஏலத்தில் வள்ளத்துக்கு இவ்வளவு என்று பிடிக்கலாம், ஆனால் குளச்சலுக்குப் போய் நஷ்டப்பட்ட வள்ளத்துக்கும் அந்தப் பணத்திலிருந்தே வண்டி வாடகை கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஏற்றுக்கொள்கிறேன். இல்லையென்றால் கொடி பறக்கும், யாரும் மதிக்க மாட்டார்கள்.

இன்னொரு நிபந்தனை. கடல் அடங்கிய நாளில், வாரம் ஒரு தடவை, தாழ் ஓதத்தில் வாசலின் ஆழத்தை நாமே அளந்து எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே மூன்று இடம், அதே ஆள் கையெழுத்து. ஆறு மாதக் கணக்கு கையில் இருந்தால் தூர்வாரக் கேட்டுப் போகும்போது வெறும் வாயோடு போக வேண்டியதில்லை.

ஓதம்

கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள், அரை மீட்டருக்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். அளக்கும் நேரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். ஓதத்துக்குத் தகுந்தபடி ஆழத்தைத் திருத்திக் கொடுப்பது என் வேலை.

வள்ளக்காரன்

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டியில் பேசுகிறேன். தம்பி, நீயும் வா. நான் மட்டும் சொன்னால் கவிழ்ந்தவன் பயந்து பேசுகிறான் என்பார்கள்.

ஆழிக்கரை

வருகிறேன். ஈயக்குண்டு எங்கள் வாடியில் கிடக்கிறது, எடுத்து வருகிறேன். கயிறு நீங்கள் கொண்டு வாருங்கள்.