ஜினில் துளசி ஊறப்போட்டேன், கஷாயம் ஆகிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

மொட்டைமாடி:
வணக்கம். பெங்களூருவில் இருக்கிறேன். ஒரு காணொளியில் ஜின் பேசில் ஸ்மாஷ் என்ற காக்டெயிலைப் பச்சைப் பசேலென்று பார்த்ததிலிருந்து ஆசை பிடித்துவிட்டது. 42.8% ஜின் 750 மில்லி பாட்டில் ஒன்று வாங்கி, இரண்டு கண்ணாடி ஜாடிகளில் பாதிப் பாதியாக ஊற்றினேன். ஒன்றில் மாடியில் வளரும் துளசி இரண்டு கைப்பிடி, இன்னொன்றில் புதினா ஒரு கட்டு. சாறு நன்றாக இறங்கட்டும் என்று இலையைக் கசக்கித்தான் போட்டேன். வெயில் படும் ஜன்னலில் 6 நாள் வைத்தேன். அம்மா ஊறுகாய் ஜாடியை அங்கேதான் வைப்பார்.

இன்று திறந்தால் இரண்டும் டிகாக்ஷன் நிறம். துளசி ஜாடி ஒரே கசப்பு, நாக்கு லேசாக மரத்துப்போகிறது. புதினா ஜாடியில் வைக்கோல் வாசம். டானிக் வாட்டர் ஊற்றினால் துளசி ஜின் கலங்கி வெள்ளையாகிறது. கெட்டுப்போய்விட்டதா? சனிக்கிழமை நான்கு பேர் வருகிறார்கள். இன்னொரு பாட்டில் வாங்கி, ஜாடியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து அடுப்பில் சூடாக்கினால் வேகமாக இறங்கிவிடுமா?

ஓரத்து மேஜை:
இருமல் சரியாயிடுச்சா நண்பரே?

கண்ணாடி ஜாடி:
முதலில் கடைசிக் கேள்வி. அடுப்புப் பக்கமே போகாதீர்கள். 40% சாராயத்தின் ஆவி சுமார் 26 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். கோடையில் நம் அறை வெப்பமே அதைவிட அதிகம். திறந்த சுடருக்குப் பக்கத்தில் அந்த ஜாடியைச் சூடாக்குவது விளையாட்டல்ல.

அடுத்து, கெட்டுப்போகவில்லை. அந்த வீரியத்தில் கிருமி வளராது. உங்களுடையது ருசிக் கோளாறு மட்டும்தான். காரணம் ஊறுகாய்க் கணக்கு. ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் மெதுவாக வேலை செய்கின்றன, அதனால் நாள் கணக்கு. சாராயம் அப்படியல்ல, மென்மையான இலையின் வாசனையைச் சில மணி நேரத்திலேயே உருவிவிடும். அதற்குப் பிறகு இறங்குவதெல்லாம் கசப்பும் துவர்ப்பும்தான். புதினாவுக்கு 3, 4 மணி நேரம் போதும். கறிவேப்பிலையை ஓர் இரவு விடலாம். ரோஸ்மேரிக்கு ஒரு நாள், எலுமிச்சைப்புல்லுக்கு இரண்டு நாள். இதெல்லாம் என் கைக்கணக்கு. மணிக்கு ஒருமுறை அரை ஸ்பூன் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு ருசி பாருங்கள். தண்ணீர் விடாமல் பார்த்தால் சாராயக் காரத்தில் கசப்பு தெரியாது. 'இன்னும் கொஞ்சம் ஏறலாமே' என்று தோன்றும்போதே வடிகட்டிவிடுவது என் பழக்கம்.

நிறம் போனதற்கு இரண்டு காரணம். கசக்கியதால் இலையில் உள்ள நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பாக்கியது, நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போல. அப்புறம் வெயில். பச்சையம் வெளிச்சத்தில் சிதையும், அதிலுள்ள மெக்னீசியம் கழன்றால் பாசிபிடித்த நிறம் வரும். கசக்காத இலை, இருட்டான அலமாரி, இலை முழுக்க முங்கும் அளவு ஜின். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

திருநீற்றுப்பச்சிலை:
மரத்துப்போகிறது என்றதும் சந்தேகம் வந்தது. பேசில் என்று காணொளியில் சொன்னது துளசியை அல்ல தம்பி. அது திருநீற்றுப்பச்சிலை வகை. ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அந்தச் செடியுடையதுதான். இலை வழவழப்பாக, கொஞ்சம் குவிந்து இருக்கும். நம் துளசி இலையில் மெல்லிய ரோமம் இருக்கும், ஓரம் பல் பல்லாக இருக்கும். துளசியில் யூஜெனால் அதிகம். கிராம்பு எண்ணெயில் இருப்பதும் அதே பொருள்தான், பல் வலிக்குப் பஞ்சில் தொட்டு வைப்போமே. 6 நாள் ஊறினால் நாக்கு மரக்காமல் என்ன செய்யும்!

துளசியும் நன்றாகத்தான் இருக்கும். அரை பாட்டிலுக்கு ஏழெட்டு இலை, ஒரு மணி நேரம், தேனும் இஞ்சியும் துணைக்கு. இரண்டு கைப்பிடி என்பது கோயில் தீர்த்தத்துக்குக்கூட அதிகம்.

ஹாம்பர்க் ரயில்:
ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அந்தக் காக்டெயிலில் ஊறப்போடும் வேலையே கிடையாது. 2008இல் ஹாம்பர்க்கின் லே லியோன் பாரில் ஜோர்க் மேயர் உருவாக்கியது அது. அந்தப் பச்சை, இலையை அந்த நிமிடத்தில் நசுக்கி, ஐஸோடு குலுக்கி, உடனே பரிமாறுவதால் வருவது. ஷேக்கரில் பத்துப் பன்னிரண்டு இலையை 30 மில்லி எலுமிச்சைச் சாறோடு நசுக்குங்கள். 60 மில்லி ஜின், 20 மில்லி சர்க்கரைப் பாகு, நிறைய ஐஸ். பலமாகக் குலுக்கி டீ வடிகட்டியில் வடியுங்கள். அரை மணி வைத்திருந்தால் அதுவும் மங்கிவிடும்.

டானிக்கில் கலங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இலையின் எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீர் கூடினால் பிரிந்து நுண்துளியாகி வெள்ளையாகத் தெரியும். கிரேக்கர்களின் சோம்பு வாசச் சாராயமான ஊஸோவில் தண்ணீர் விட்டால் நடப்பதும் அதேதான்.

மொட்டைமாடி:
அக்கா, போய் இலையைப் பார்த்தேன். ரோமம், பல் எல்லாம் இருக்கிறது. சுத்தத் துளசி! சரி, கையில் இருக்கும் 700 மில்லிச் சொச்சத்தை என்ன செய்வது? கொட்ட மனசு வரவில்லை.

கண்ணாடி ஜாடி:
சாதா ஜின் மூன்று பங்குக்கு இது ஒரு பங்கு என்று கலந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பாருங்கள். உப்பு கசப்பை அடக்கும். இல்லையென்றால் பால் பஞ்ச், அதாவது பாலைத் திரியவைத்து வடிகட்டித் தெளியவைக்கும் மதுக்கலவை. பழைய வித்தை, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1763இல் ஒரு நண்பருக்கு இதன் செய்முறையைக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். துளசி ஜின் 120 மில்லி, எலுமிச்சைச் சாறு 40, சர்க்கரைப் பாகு 40 கலந்துகொண்டு, அதை 50 மில்லி குளிர்ந்த பாலில் ஊற்றுங்கள். பால் திரியும், திரியட்டும். பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு கட்டியாகும். ஒரு மணி நேரம் கழித்து காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். முதலில் கலங்கலாக வருவதை அதே கட்டி மேல் திரும்ப ஊற்றினால் தெளிவாக இறங்கும். கிராம்பு வாசம் முழுதாகப் போகாது, கசப்பு நன்றாகக் குறையும். விருந்தாளிகளில் பால் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மொட்டைமாடி:
ஞாயிறு காலை எழுதுகிறேன். பால் பஞ்சை முதல்முறை சொதப்பினேன், அவசரத்தில் பாலை ஜினுக்குள் ஊற்றிவிட்டேன். பொடிப் பொடியாகத் திரிந்து வடிகட்டவே முடியவில்லை. இரண்டாம் முறை ஜின்னைப் பாலில் ஊற்றினேன், வெளிர் மஞ்சளாக, கண்ணாடி மாதிரி வந்தது. கிராம்பு வாசம் லேசாக இருந்தது. ஒரு நண்பர் ஏலக்காய் போட்டாயா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சரியான பேசில் நர்சரியில் 'இத்தாலியன் துளசி' என்ற பெயரில் கிடைத்தது. அதில் செய்த ஸ்மாஷ் காணொளியில் பார்த்த அதே பச்சை. புதினா ஜாடியை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை, வைக்கோல் வைக்கோலாகவே இருந்தது. அது சிங்க் குழாய்க்குள் போய்விட்டது.

ஓரத்து மேஜை:
சிங்க்குக்காவது செரிமானம் ஆகட்டும். அடுத்த வாரம் கறிவேப்பிலை போடுறீங்களா?

மொட்டைமாடி:
ஓர் இரவு மட்டும். அலாரம் வைத்துவிட்டேன்.